ஓய்வு பெற்று 11 ஆண்டுகள்: இப்போது டிஸெபிலிட்டி பென்ஷன் கேட்க முடியுமா?

வாசகர் கேள்வி:

பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் பணியாற்றி, 2014 ஆகஸ்ட் 31 அன்று ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். சர்வீஸ் பென்ஷன் ஒழுங்காக வருகிறது. 2010இல் லடாக்கின் உயர்மலைப் பகுதியான லேயில் இருந்தபோது ரத்த அழுத்தம் வந்து லோ மெடிக்கல் கேட்டகரி (முழு உடல்தகுதி இல்லாதவர்களுக்கான பிரிவு) ஆனேன். 2012இல் பீஸ் ஸ்டேஷனில் (முன்களம் அல்லாத அமைதிப் பகுதி) முதுகுத் தண்டில் டிஸ்க் விலகியது. ஓய்வின்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டில் ரத்த அழுத்தத்துக்கு 30, முதுகுக்கு 20, இரண்டையும் மொத்தமாக மதிப்பிட்டு 40 சதவீத ஊனம், வாழ்நாள் முழுமைக்கும் என்று போட்டார்கள். ஆனால் இரண்டுமே பணியால் வந்ததல்ல, பணியால் மோசமானதும் அல்ல என்று எழுதிவிட்டார்கள். படையின் ஆவண அலுவலகமான ரெகார்ட் ஆபீஸ், டிஸெபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று மறுப்புக் கடிதம் அனுப்பியது. 6 மாதத்துக்குள் அப்பீல் செய்யலாம் என்று அதில் இருந்தது. நான் செய்யவில்லை. இப்போது ஒருவர், 'மறுபடி மெடிக்கல் போர்டு போட்டு சதவீதத்தைக் கூட்டித் தருகிறேன், வரும் அரியரில் 25 சதவீதம் கொடுங்கள்' என்கிறார். காலம் கடந்துவிட்டதா? போர்டுக்குப் போகலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

காலம் கடந்துவிடவில்லை. ஆனால் மறு போர்டுக்கு மட்டும் போகாதீர்கள். நீங்கள் அனுப்பிய விவரத்தில் உங்களுக்குச் சாதகமாக இருப்பதே அந்தப் பழைய போர்டின் சதவீதம்தான். அதை நீங்களே கையைவிட்டு எறியச் சொல்கிறார் அந்த நபர்.

டிஸெபிலிட்டி எலிமென்ட், அதாவது சர்வீஸ் பென்ஷனோடு ஊனத்துக்காகச் சேரும் தொகை, கிடைக்க இரண்டு நிபந்தனைகள். ஊனத்தின் அளவு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அந்த ஊனம் பணியால் வந்ததாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். முதல் நிபந்தனையை நீங்கள் 2014லேயே கடந்துவிட்டீர்கள். உங்கள் சண்டை இரண்டாவதில் மட்டும். மறு போர்டு கேட்டால் முதலாவதையும் புதிதாக அளப்பார்கள். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தத்துக்கு இன்று என்ன சதவீதம் போடுவார்கள் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 20க்குக் கீழே இறங்கினால் கதை முடிந்தது. முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவருக்கு 20க்குக் குறைவாக இருந்தால் டிஸெபிலிட்டி எலிமென்ட் கிடையாது, ரவுண்டிங்கும் (சதவீதத்தை உயர்த்திக் கணக்கிடுவது) கிடையாது என்று விங் கமாண்டர் எஸ்.பி. ராத்தோர் வழக்கில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரந்தர ஊனம் என்று போர்டு மதிப்பிட்டதை, பென்ஷனர் தானாகக் கேட்டால் ஒழிய மறுபடி அளக்கத் தேவையில்லை என்பது 2001 முதல் உள்ள நடைமுறை. கேட்காமல் இருப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

சதவீதத்தைக் கூட்ட வேண்டிய தேவையும் உங்களுக்கு இல்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 கடிதப்படி 50க்குக் கீழே உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளது 75 ஆகவும், 76 முதல் 100 வரை உள்ளது 100 ஆகவும் உயர்த்திக் கணக்கிடப்படும். அந்தக் கடிதம் நோயால் இடையிலேயே வெளியேற்றப்பட்டவர்களுக்காக எழுதப்பட்டது. முழுப் பணிக்காலம் முடித்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது உங்கள் எண்களைப் பாருங்கள். முதுகு மட்டும் ஏற்கப்பட்டால் 20, அது 50 ஆகும். ரத்த அழுத்தம் மட்டும் ஏற்கப்பட்டால் 30, அதுவும் 50. இரண்டும் ஏற்கப்பட்டால் 40, அப்போதும் 50தான். ஆக, இரண்டில் ஒன்றை ஜெயித்தால் முழுப் பலனும் வந்துவிடும். வலுவானதைப் பிடித்துக்கொண்டு வாதாடுங்கள். உங்கள் விஷயத்தில் அது ரத்த அழுத்தம்.

காரணம் லே. உங்கள் காலத்து மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலின் 43ஆம் பத்தி, ஃபீல்டு ஏரியா, உயர்மலைப் பகுதி, கிளர்ச்சி எதிர்ப்புப் பணி, நீண்ட கடற்பணி ஆகியவற்றில் இருக்கும்போது தொடங்கும் ரத்த அழுத்தத்தைப் பணியால் மோசமானதாகக் கருதலாம் என்கிறது. அப்படியிருந்தும் போர்டு ஏன் மறுத்திருக்கும்? வழக்கமாக நடப்பது இதுதான்: முன்களத்தில் தலைசுற்றல், தலைவலி என்று போய் அங்கே பி.பி. கண்டுபிடிக்கப்படும். அங்கிருந்து சமவெளியில் உள்ள பெரிய ராணுவ மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். கேட்டகரி போடுவது அங்கேதான். நான்கு ஆண்டு கழித்து ரிலீஸ் போர்டு உட்காரும்போது, 'நோய் தொடங்கிய இடம்' என்ற கட்டத்தில் அந்தப் பெரிய மருத்துவமனையின் ஊர் ஏறிவிடும். அது பீஸ் ஸ்டேஷன். பிறகென்ன, 'அமைதிப் பகுதியில் தொடங்கியது, பணியோடு தொடர்பில்லை' என்று ஒரே வரி. உங்கள் போர்டு படிவத்தில் அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள். அங்கே எழுதியிருப்பதும், லேயில் முதன்முதலாகப் பார்த்த டாக்டரின் குறிப்பும் வேறுபட்டால், உங்கள் வழக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே முதல் வேலை ஆவணம் சேர்ப்பது. நாசிக் ரோடு கேம்பில் உள்ள பீரங்கிப் படை ரெகார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அதிகாரிக்கு ஆர்.டி.ஐ. மனு எழுதுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்தால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய் தனியாகக் கேட்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அப்பீல். 'என் மருத்துவ ஆவணங்கள் அனைத்தும்' என்று பொதுவாகக் கேட்டால் ஏதாவது இரண்டு தாளை அனுப்பி முடித்துவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: படையில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள், 2010 முதல் ஒவ்வொரு கேட்டகரி போர்டின் மருத்துவப் படிவமான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 15, ரிலீஸ் போர்டின் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16, எல்லாப் பக்கங்களும். மருத்துவமனை கேஸ் ஷீட்டுகள். எந்த யூனிட்டில் எந்த ஊரில் எப்போது இருந்தீர்கள் என்று காட்டும் சேவைப் பதிவு, அதில் ஃபீல்டு, பீஸ் என்று பிரித்துக் காட்டியபடி. முதுகுக் காயத்துக்கு இஞ்சுரி ரிப்போர்ட் இருந்தால் அதன் நகல். கடைசியாக அந்த மறுப்புக் கடிதம்.

மருத்துவமனைகளின் பழைய கேஸ் ஷீட் அழிக்கப்பட்டது என்று பதில் வரலாம். அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ட்ரங்குப் பெட்டியைக் குடைந்து பாருங்கள். லேயில் கொடுத்த ஒரு டிஸ்சார்ஜ் ஸ்லிப், பி.பி. அளவு குறித்த ஒரு ஓ.பி.டி. சீட்டு கிடைத்தால் அதற்கு ஈடான சான்று வேறில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நீங்கள் 2014இல் ஓய்வு பெற்றதால் உங்களுக்குப் பொருந்துபவை 2008ஆம் ஆண்டின் என்டைட்டில்மென்ட் விதிகள் (ஊனத்துக்கும் பணிக்கும் தொடர்பு உண்டா என்று தீர்மானிக்கும் விதிகள்). அவற்றின் 7ஆம் விதிப்படி, தொடர்பை நிரூபிக்கும் பொறுப்பை வழக்கமாக மனுதாரர் மீது சுமத்த மாட்டார்கள். ஆனால் ஓய்வு பெற்று 15 ஆண்டு கழித்து, ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்ட பிறகு வந்து கேட்டால், பொறுப்பு மனுதாரர் தலையில் விழும். உங்களுக்கு அந்த 15 ஆண்டு 2029 ஆகஸ்டில் முடிகிறது. இன்னும் அவகாசம் இருக்கிறது, தாராளமாக இல்லை. 2023 செப்டம்பரில் புதிய என்டைட்டில்மென்ட் விதிகள் வந்தனவே என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். அவை 2023 செப்டம்பர் 21 முதல் பணியிலிருந்து விடுபடுபவர்களுக்கானவை.

நண்பர்கள் எல்லாரும் தரம்வீர் சிங் தீர்ப்பைச் சொல்வார்கள். 2013இல் வந்த அந்தத் தீர்ப்பின் சாரம்: சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பின்னால் வந்தது பணியால் வந்தது என்றே அனுமானிக்க வேண்டும், இல்லை என்று சொல்லும் போர்டு அதற்குக் காரணம் எழுத வேண்டும். நல்ல தீர்ப்பு, கட்டாயம் மேற்கோள் காட்டுங்கள். ஆனால் அது 1982ஆம் ஆண்டு விதிகளை வைத்து எழுதப்பட்டது. 2008 விதிகளில் அந்த அனுமானம் அதே வடிவில் இல்லை என்று அரசு வழக்கறிஞர் எழுந்து சொல்வார். அதனால் அனுமானத்தை மட்டும் நம்பி மனு போடாதீர்கள். லேயில் எந்த மாதம் போய்ச் சேர்ந்தீர்கள், அங்கே போகும் முன் நடந்த வருடாந்தரப் பரிசோதனையில் பி.பி. எவ்வளவு, எந்தத் தேதியில் எவ்வளவு உயர்ந்தது என்ற தேதி வரிசையை முன்னால் வையுங்கள். தீர்ப்பு அதற்குப் பின்னால் வரட்டும். காரணமே எழுதாமல் ஒற்றை வரியில் போர்டு மறுத்திருந்தால் அதைத் தனியாகச் சுட்டிக் காட்டுங்கள். காரணம் சொல்லாத போர்டு கருத்தை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்பதை 2025இல் ராஜுமோன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது.

எதிர்த்தரப்பின் ஆயுதம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 15 படிவங்களில் ஒவ்வொரு முறையும் எடை எழுதியிருப்பார்கள். எடை கூடுதல், புகைப்பழக்கம், உணவுக் கட்டுப்பாடு இல்லை என்று எங்காவது இருந்தால் 'இது வாழ்க்கை முறை நோய்' என்று அங்கேதான் கை வைப்பார்கள். 2010இல் எடை சரியாக இருந்து பிறகு கூடியிருந்தால், நோய் தொடங்கியபோது எடை காரணமில்லை என்று காட்டலாம்.

முதுகைப் பொறுத்தவரை, மனுவில் சேருங்கள், ஆனால் அதன் மேல் பாரத்தைப் போடாதீர்கள். குண்டுப் பெட்டி தூக்கியபோது பிடித்துக்கொண்டது போன்ற குறிப்பிட்ட சம்பவம் நடந்து, இஞ்சுரி ரிப்போர்ட்டும் இருந்தால் நிலைமை மாறும். ரிப்போர்ட் இல்லாமல், பீஸ் ஸ்டேஷனில், நாள் சொல்ல முடியாத டிஸ்க் விலகல் என்றால் வலு குறைவு.

இனி நடைமுறை. மறுப்புக் கடிதத்தை எதிர்த்து முதல் அப்பீலை ரெகார்ட் ஆபீஸ் வழியாக அனுப்புங்கள். ராணுவத் தலைமையகத்தில் உள்ள முதல் மேல்முறையீட்டுக் குழு அதைப் பார்க்கும். தாமதத்தை மன்னிக்கக் கோரும் பத்தி ஒன்றை அதிலேயே சேருங்கள். 11 ஆண்டு தாமதம் என்பதால் 'காலம் கடந்தது' என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். அனுப்பட்டும், அந்தக் கடிதமும் உங்களுக்கு வேண்டும். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம், 2007இன் 21ஆம் பிரிவு, துறைக்குள் உள்ள வழிகளைப் பயன்படுத்திய பிறகே தீர்ப்பாயத்துக்கு வரச் சொல்கிறது. பதில் வந்தாலும் சரி, 6 மாதம் பதிலே வராவிட்டாலும் சரி, அந்தப் படியைத் தாண்டியதாகக் கணக்கு. அதற்குப் பிறகு உள்ள 6 மாதத்துக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். அப்பீலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராத கேஸில் 6 மாதக் கணக்கு எங்கே தொடங்கியது என்று காட்ட அதுதான் ஆதாரம்.

நீங்கள் தமிழ்நாட்டில் குடியிருப்பதால் சென்னை அமர்வில் மனு போடலாம். நாசிக்குக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். எதிர்மனுதாரர்களாக பாதுகாப்பு அமைச்சகச் செயலர் மூலம் இந்திய ஒன்றியம், ராணுவத் தலைமைத் தளபதி, ரெகார்ட் ஆபீஸ் பொறுப்பதிகாரி, பிரயாக்ராஜில் உள்ள பி.சி.டி.ஏ. பென்ஷன் அலுவலகம் ஆகியோரைக் காட்டுங்கள். கோரிக்கைப் பத்தியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். போர்டின் 'தொடர்பில்லை' என்ற கருத்தையும் மறுப்புக் கடிதத்தையும் ரத்து செய்ய வேண்டும்; டிஸெபிலிட்டி எலிமென்ட் வழங்க வேண்டும்; அதை 50 சதவீதமாக ரவுண்டிங் செய்து வாழ்நாள் முழுக்கத் தர வேண்டும்; அரியரும் வட்டியும் வேண்டும் என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ரவுண்டிங் என்ற சொல் ஆணையில் இல்லாவிட்டால் 30க்கே போட்டு அனுப்பிவிட்டு, நீங்கள் இன்னொரு மனு போடும் வரை அசைய மாட்டார்கள்.

மனுவோடு தாமத மன்னிப்பு மனு ஒன்றும் போக வேண்டும். எத்தனை நாள் தாமதம் என்று எண்ணி எழுத வேண்டும். இல்லாத நோய், நடக்காத விபத்து என்று காரணம் ஜோடிக்க வேண்டாம். தர்செம் சிங் வழக்கில் 2008இலேயே உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது: பென்ஷன் மறுப்பு என்பது மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் தாமதத்துக்காகவே உரிமையை மறுக்க முடியாது. ஆனால் அதே தீர்ப்பு அரியரை மனு தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளோடு நிறுத்துகிறது.

இதில்தான் பணம் இருக்கிறது. 100 சதவீத ஊனத்துக்கு டிஸெபிலிட்டி எலிமென்ட் என்பது கடைசி ஊதியக் கணக்கில் 30 சதவீதம். கணக்குக்காக உங்கள் ஊதியத்தை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீதத்துக்கு 12,000, 50க்கு 6,000, ரவுண்டிங் இல்லாமல் 30க்கு 3,600. இதன் மேல் அகவிலைப்படி தனி. 3 ஆண்டு அரியர் அகவிலைப்படி இல்லாமலே 2,16,000 ரூபாய். மனு ஒரு மாதம் தள்ளிப் போனால் பின்பக்கத்தில் ஒரு மாத அரியர் உதிர்ந்துவிடும். 2014லேயே அப்பீல் செய்திருந்தால் என்று இப்போது யோசிப்பதில் பயனில்லை. ஆர்.டி.ஐ. மனுவை இந்த வாரமே போடுவதில் பயன் உண்டு.

இந்தக் கணக்கில் 25 சதவீதம் என்றால் அந்த நபருக்கு 54,000 ரூபாய். அவர் வழக்கறிஞர் என்றால், ஜெயித்து வரும் தொகையில் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிகளின்படியே தடை செய்யப்பட்டது. வழக்கறிஞர் இல்லை என்றால் தீர்ப்பாயத்தில் உங்களுக்காக வாதாடவே முடியாது. தீர்ப்பாய அனுபவம் உள்ள வழக்கறிஞரிடம் நிலையான கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். விரும்பினால் நீங்களே ஆஜராகி வாதாடவும் சட்டம் அனுமதிக்கிறது. மனு எழுத உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆளைப் பொறுத்து உதவி கிடைக்கும். பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷின் கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ எந்த இடைத்தரகருக்கும் தராதீர்கள்.

இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சொந்த வேண்டுகோளில் டிஸ்சார்ஜ் வாங்கியதால் டிஸெபிலிட்டி எலிமென்ட் கிடையாது என்பது பழைய கதை. 2009 செப்டம்பர் 29 கடிதத்துக்குப் பிறகு அந்தத் தடை நீங்கிவிட்டது. லீவில் ஊரில் இருந்தபோது பைக் விபத்து என்றால் மட்டும் வேறு கணக்கு. பணியோடு ஏதாவது தொடர்பு காட்டியாக வேண்டும். டியூட்டி இடத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்ததா, வீட்டில் இருக்கும்போது நடந்ததா என்பதில் வழக்கே மாறிவிடும். ஓய்வு பெறும்போது இல்லாத நோய் பிறகு தலைகாட்டினால், அதன் விதை பணிக்காலத்திலேயே விழுந்தது என்று மருத்துவ ரீதியாக நிறுவ வேண்டும். அதற்குத் தனிக் காலவரம்பும் விதியில் இருக்கிறது. அந்த வழி கடினம், உங்களுக்கு அது தேவையில்லை.

சாதகமான ஆணை வந்தால் சான்றளித்த நகலை ரெகார்ட் ஆபீஸுக்கும் பி.சி.டி.ஏ.வுக்கும் நீங்களே ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போக வாய்ப்பு உண்டு. தீர்ப்பாய ஆணைகளை உயர் நீதிமன்றம் பார்க்கலாம் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து அது கூடியிருக்கிறது. தடையாணை இல்லாமல் கெடு கடந்துவிட்டால் அதே தீர்ப்பாயத்தில் நிறைவேற்றக் கோரும் மனு போடலாம். திருத்திய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) ஸ்பர்ஷில் ஏறியதும் நான்கு இடங்களைப் பாருங்கள்: சதவீதம் 50 என்று இருக்கிறதா, காலம் வாழ்நாள் என்று இருக்கிறதா, அரியர் தொடங்கும் தேதி ஆணையில் உள்ளதா, டிஸெபிலிட்டி எலிமென்ட்டைக் கணக்கிட்ட ஊதியத்தில் மிலிட்டரி சர்வீஸ் பே (படைவீரர்களுக்கு அடிப்படை ஊதியத்தோடு தரப்படும் தனித் தொகை) சேர்ந்திருக்கிறதா. தவறு கண்ணில் பட்டால் ஸ்பர்ஷில் குறை பதிவு செய்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரெகார்ட் ஆபீஸுக்கு எழுதும் கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிட்டால்தான் கோப்பு நகரும்.